திருமணமானவர், தனித்தனியாக

ஷார்ஜாவில் இரவு பதினொன்று.
ரெக்சனுக்கு அங்கே பிற்பகல் மூன்று,
ஒஹாயோவில் இன்னும் பனி போகவில்லையாம்.
ஏப்ரல் பதினைந்துக்கு நாலு நாள் இருக்கிறது.

அபு ஷகாராவில், பிளைவுட் மறைப்புக்கு இந்தப்பக்கம் நான்,
அந்தப்பக்கம் பெனாசிரின் குறட்டை.
மடியில் லேப்டாப்,
திரையில் அவன் அனுப்பிய படிவம்.

டைல்ஸ் கடையின் வாட் கணக்கை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் போடுகிறேன்.
ஐந்து சதவீதம், பொத்தானை அழுத்தினால் முடிந்தது.
என் சம்பளத்தைப் பற்றி இந்த ஊரில்
எந்த அரசும் ஒரு கேள்வி கேட்டதில்லை.
பதினோரு வருடம்.

அவனைக் கேட்கிறார்கள்.
வேலையை விட்டு முனைவர் பட்டத்துக்குப் போன
முப்பத்தாறு வயசுக்காரனை:
உதவித்தொகை எவ்வளவு,
அதில் கல்விக் கட்டணத்துக்குப் போனது எவ்வளவு,
மிச்சம் எங்கே?

"கட்டணத்துக்குப் போனது வருமானத்தில் சேராது," வாசிக்கிறேன்.
"புத்தகம்?"
"பாடத்துக்குக் கட்டாயம்னா சேராது."
"வாடகை?"
"சேரும்."
"அரிசி?"
"சேரும்."
"அந்த ஓட்டை ஹீட்டர் கரண்ட் பில்லு?"
"சேரும் ரெக்சா."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
பிறகு,
"அப்போ படிச்சா வரி இல்ல,
பசிச்சாத்தான் வரி."
பெனாசிர் புரண்டு படுக்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

ஒப்பந்தத்தின் இருபத்தொன்றாம் பிரிவைக்
கண்டுபிடித்தது நான்தான்.
இந்தியாவிலிருந்து போன மாணவனுக்கு ஒரு கழிவு உண்டு,
அவன் அறையில் இருக்கிற நேப்பாளிக்குக் கிடையாது.
எப்போதோ, ஏதோ ஒரு நீள மேசையில்,
இரண்டு அரசுகள் உட்கார்ந்து
ரெக்சனை நினைத்திருக்கின்றன.
நானூற்றுச் சொச்சம் டாலர் திரும்பி வரும்.
"பூட்ஸ் வாங்கு," என்றேன்.
"நேப்பாளிகிட்ட எப்படிச் சொல்றது," என்றான்.

முதல் பக்கத்துக்குத் திரும்பினோம்.
நிலை என்ன என்று கேட்டிருந்தது.
தனியாள் என்று போட முடியாது,
கோட்டாறு கோயில் பதிவேட்டில் நாங்கள் இருக்கிறோம்.
சேர்ந்து போட அவனுக்கு அனுமதியில்லை.
மிச்சம் இருந்த கட்டம்:
திருமணமானவர், தனித்தனியாகத் தாக்கல் செய்பவர்.

"டிக் பண்ணவா?"
டிக் பண்ணு.
மூன்று வருடமாக அதைத்தானே பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"நீ மாசாமாசம் அனுப்புற அறுநூறு திர்ஹம்?
அதை எந்த வரியில் போட?"
மேலிருந்து கீழாக ஒருமுறை,
பின்னிணைப்புகளில் ஒருமுறை தேடினேன்.
சம்பளம் இல்லை, உதவித்தொகை இல்லை, வட்டி இல்லை.
"அது அன்பளிப்பு. எழுத வேண்டாம்."
ரோலா எக்ஸ்சேஞ்சின் ரசீதுகள்
பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.
வெப்பத்தாள்.
முதல் வருடத்து எண்கள் ஏற்கெனவே வெளிறிவிட்டன.

கடைசியில் கையெழுத்து, தேதி,
பக்கத்தில் தொழில் என்று ஒரு சின்ன இடம்.
"மாணவன்னே போடுறேன். சிரிக்காதே."
"போடு."
"உன் தொழில்?"
"என்னைக் கேட்கலை."
"இல்ல, கேட்டா?"

பிளைவுட்டில் இரண்டு தட்டு.
காலையில் ஐந்தரைக்கு அவளுக்கு ஷிஃப்ட்.
குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.