அனுப்புறோம்

மைனஸ் எண்பது உறைபெட்டிக்கு இரண்டு சாவி.
ஒன்று உமையாள் மேடத்தின் கைப்பையில்,
ஒன்று என்னிடம்.
ஐப்பசியில் சேவுகன் சார்
மூன்றாவது ஒன்று செய்துவரச் சொன்னார்.
"ஒரு பாதுகாப்புக்குத்தான், ஜெசிந்தா."
கழனிவாசல் சாவிக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
இதை நகல் எடுக்க முடியாதும்மா என்றார்.
சண்டை இருப்பது அன்றைக்குத்தான் தெரியும் என்று
கேட்பவர்களிடம் சொல்கிறேன்.
பொய்.
தீபாவளிக்கே இரண்டு ஸ்வீட் டப்பா வந்தது,
ஒரே கம்பெனியிலிருந்து.

பெட்டிக்குள் இருப்பது பு-17.
புதுவயலில், அரிசி ஆலைக்குப் பின்னால்,
நெல் ஊறிய தண்ணீர் கறுத்துக் கிடக்கும் பள்ளத்தில்
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி
மேடம் அள்ளிவந்த சேற்றில் கிடைத்தது.
அந்த நாற்றத்தைத் தின்றே வளரும்.
கார் ஓட்டியது சார்.
நாலு நாள் கண்ணாடியை ஏற்றவே முடியவில்லையாம்.
இப்போது சார் சொல்லும் கதையில்
சேறு தானாக டிக்கிக்குள் ஏறிவிடுகிறது.
மேடம் சொல்லும் கதையில்
காருக்கு ஓட்டுநரே இல்லை.

கூட்டம் கோட்டையூரில்,
சாருடைய ஐயா வீட்டில், சாருக்குப் பங்குள்ள இரண்டு அறைகளில்.
மற்ற அறைகளில் மற்றவர்கள் பூட்டு.
பங்கு வைத்திருப்பவன் பங்காளி;
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு,
இரண்டுமே சிவகங்கை கோர்ட்டில் போய் நிற்கும்.

மேடத்தை நீக்குவதா வேண்டாமா.
மூன்று கை. எதிராக மூன்று கை.
ஏழாவது ஆள் சிங்கப்பூரில், திரையில்.
அந்த வீட்டுச் சுவருக்குள் சிக்னல் நுழையாது.
முற்றத்து ஓரமாக நான்
போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
என் ஹாட்ஸ்பாட்டில்தான் அவர் முகம்.
அவருடைய வலது கை
தோள் வரை வந்தது.
அங்கேயே நின்றுவிட்டது.

வாக்கா, தலை சொறிய எடுத்ததா?
அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது.
முந்தின நாள் ராத்திரி
தூக்கம் வராமல் நான் பார்த்த சீரியல்
ஒன்றரை ஜிபி.
இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சிங்கப்பூர்க்காரர்
வக்கீலிடம் பேசச் சொல்லிவிட்டார்.
ஆகவே எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.
திரைக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தானே.
சாயங்காலம் ஒரு பத்திரம்: கை உயர்ந்ததைக் கண்டேன்.
அம்மாவின் ஆபரேஷனுக்கு முன்பணம் தந்தவர் கேட்கிறார்,
போட்டேன் கையெழுத்து.
ராத்திரி ஒன்பதரைக்கு இன்னொன்று:
கை உயர்ந்ததாகக் காணவில்லை.
பிப்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை நீட்டுகிறது.
அதற்கும் போட்டேன்.
இரண்டிலும் என் கையெழுத்து
ஒரே மாதிரி, நல்ல வடிவாகத்தான் இருக்கிறது.

வங்கி கணக்கை முடக்கியது.
பத்தொன்பது பேருக்குக் கார்த்திகைச் சம்பளம் இல்லை.
கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு
கோவிலூர் ரோட்டு பங்கில் என் காசில் டீசல்,
பத்து லிட்டர், நீல கேனில்.
யார் ஜெயித்தாலும்
பில்லை யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல்
வாங்கி வாங்கிச் செருகிவைக்கிறேன்.

உள்ளே வெண்பனிக்குள் பு-17 தூங்குகிறது.
எழுப்பினால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
இரண்டாகப் பிரியும்.
பாகப் பத்திரம் கேட்காது.
பிரியப் பிரியப் பெருகும் ஒரே குடும்பம்
எனக்குத் தெரிந்து அதுதான்.

இன்று காலை புதுவயலிலிருந்து ஆலைக்காரர் போன்.
"தண்ணி திரும்ப நாற ஆரம்பிச்சிருச்சு,
பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சத்தம் போடுறாக.
நாலு டிரம் எப்ப அனுப்புவீக?"

அனுப்புறோம் என்றேன்.
வாயில் வந்துவிட்டது அந்த 'ஓம்'.
போனை வைத்துவிட்டு
யாரெல்லாம் அதில் என்று எண்ணிப்பார்த்தேன்.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு
பெட்டியைத் திறந்து
ஒரே ஒரு குப்பியை வெளியே எடுத்தேன்.
யாரிடமும் கேட்கவில்லை.