முட்டு மடங்கும் அளவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
செருப்புக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
ஒடுங்கிய ஒரு படிக்கட்டு.
நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியம்
மாடியில்.
பத்தொன்பது படி. லிஃப்ட் கிடையாது.

முதல் மாதம் பிரின்ஷாவை
முதுகில் சுமந்து ஏறினேன்.
மடங்காத கால் என் இடுப்போரம்
துடுப்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும்.
எதிரே இறங்குகிறவர்கள்
சுவரோடு ஒட்டி வழிவிடுவார்கள்.

பின்னுக்கு எடுத்த டெம்போ.
தொடையெலும்பில் ஒரு தகடு, எட்டுத் திருகாணி.
அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டு கை வைத்த கோணமானி ஒன்றை
முட்டில் பொருத்திப் பார்த்து
பெல்சி எழுதினாள்: முப்பத்தைந்து.
எனக்கு முப்பது தெரியும்.
ரப்பர் மரத்தில் வெட்டு சரிகிற அளவு.
விடியுமுன், நெற்றி விளக்கில்,
முந்நூறு மரம்; அளந்தா வெட்டுகிறேன்?
பட்டையைத் தாண்டித் தடியில் கத்தி படக்கூடாது,
பட்டால் மரம் முண்டு கட்டும்.
நிறுத்த வேண்டிய இடம் கைக்குத் தெரியும்.

இதில் தெரியவில்லை.

"ராத்திரி நீங்கதான் மடக்கணும்.
அழுதாலும் பத்து எண்ணணும்."
"எதுவரைக்கும்?"
"வலிக்குதுண்ணு சொல்லுவா. அதுக்கும் கொஞ்சம் மேல."

எந்தக் கொஞ்சம்?

நான் காலைத் தொட்டதும்
அவள் அம்மா அடுக்களையில் மிக்சியைப் போடுவாள்.
அரைக்க ஒன்றும் இருக்காது, சில நாள்.
"போதும்லா அப்பா, நோவுதுண்ணு சொல்லுகேன்லா"
என்று கத்திவிட்டு
எண்ணிக்கையை அவளே பிடுங்கிக்கொள்வாள்:
ஆறு, எட்டு, பத்து!
ஏழையும் ஒன்பதையும் நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் என்னிடம் பேச்சு இல்லை.
சோறு வேணுமா என்று நான் கேட்டால்
பதில் அம்மாவுக்குப் போனது.
மூன்று மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது
போர்வைக்குள் முழித்துத்தான் கிடப்பாள்.

பிறகு பச்சை ரப்பர் பட்டை ஒன்று வாங்கச் சொன்னார்கள்.
என் கூலியில் அரை நாள்.
மூக்கில் வைத்துப் பார்த்தேன்,
பவுடர் மணத்துக்கு அடியில்
என் சட்டை வாடை.
உள்ளங்காலில் மாட்டி இழு என்றால்
அவள் மாட்டினாள், காலைக் கவட்டையாக்கினாள்,
ரப்பர் கொட்டை ஒன்றை வைத்து இழுத்து
என் நெற்றிக்கு விட்டாள்.
குறி தப்பவில்லை.
எட்டு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தாள்.
"அதுவும் பயிற்சிதான்" என்றாள் பெல்சி,
எனக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தபடி.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. அறுபது.
காய்ச்சல் வந்த வாரம் நாற்பத்தெட்டு.
மழை பிடித்தது, பால்வெட்டு நின்றது.
கையில் காசில்லை, நேரம் இருந்தது.
தொண்ணூறு.

"ஏறும்போ நல்ல காலு முதல்ல,
இறங்கும்போ கெட்ட காலு."
"கெட்ட காலுண்ணு சொல்லாதீங்க"
என்று பாதிப் படியில் நின்றுவிட்டாள்.
வேறென்ன சொல்ல என்று பெல்சி கேட்டாள்.
அவள் வெகுநேரம் யோசித்தாள்.
மழைக்கு ஒதுங்கிய நாலு பேர்
கீழே குடையோடு காத்து நின்றார்கள்.
"மற்ற காலு."

அன்றைக்குப் பதினொரு படி.
மீதி எட்டுக்குக் கையைத் தூக்கினாள்,
தூக்கினேன்.

திரும்பும்போது குலசேகரம் பஸ்ஸில் கூட்டம்.
"பிள்ளைக்கு இடம் குடுங்க" என்றார் கண்டக்டர்.
ஒருவர் எழுந்தார்.
"வேண்டாம், நான் நிப்பேன்."
என்னை உட்காரச் சொன்னாள்.
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
ஆற்றூர் வரைக்கும் நின்றாள்,
உதட்டைக் கடித்துக்கொண்டு,
ஒவ்வொரு பிரேக்குக்கும் என்னைப் பார்க்காமல்.

திருவட்டாறு வருமுன்
என் மடியில் ஒரு பாரம்.

"காலு நோவல்ல," என்றாள்.
"ஒறக்கம் வருது."