மூன்று விரல் அகலம்

ஹில்கே ட்யார்க்ஸ் அதைப் போர்வையில் சுற்றிக்
கொண்டுவந்தாள்.
எம்டனில் நவம்பர் மழைக்குக் குடை உதவாது,
படுத்துக்கொண்டு பெய்யும்.
"கண்ணாடியில் விரிசல். அதை மட்டும் மாற்றினால் போதும்."

மேசையில் கிடத்தித் தூசி துடைத்தேன்.
எவனோ ஒரு டச்சுக்காரன் நீரில் கரைத்த கடற்கரை.
தட்டையடிப் படகொன்று மணலில் சாய்ந்திருக்கிறது.
இழுத்துவந்த குதிரைகளுக்கு
இன்னும் முழங்கால் ஈரம் காயவில்லை.
ஏலம் கூறுகிறவனின் வாய் திறந்தபடி.
நாக்குமீன்கள் குவியல் குவியலாக.
காசை எண்ணிக்கொண்டே பால் கொடுக்கிறாள் ஒருத்தி.
தன் காலுக்குப் பொருந்தாத பெரிய மரச்செருப்பில்
தண்ணீர் மொண்டு
நண்டைக் குடிவைத்திருக்கிறான் ஒரு பையன்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
வேலை நாள்.

வலது ஓரத்தில் கூடைக்காரி.
வெள்ளைத் தொப்பி, சிவந்த முழங்கை.
இடுப்புயரக் கூடை நிறைய மீன்,
ஒற்றைக் கையால் தூக்குகிறாள்.

"இவளைக் காட்டித்தான் அம்மா எங்களை வளர்த்தாள்.
மூன்று பெண்கள். அப்பா இல்லை.
நிலக்கரி வாளி கனக்கிறது என்று முனகினால்
அவளைப் பாருங்கடி,
துணைக்கு ஆள் கேட்டாளா என்பாள்."

அவள் போனபின் ஓக்கோ தேநீர் ஊற்றினார்.
சூடு பட்டுக் கற்கண்டு படக்கென்று வெடித்தது.
இந்த ஊரில் யாரும் கலக்குவதில்லை,
கசப்பைக் குடித்து முடித்தால்தான் அடியில் இனிப்பு.
பன்னிரண்டு வருடமாக நான்
கலக்கித்தான் குடிக்கிறேன்.

பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினேன்.
தாளின் முதுகில் பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு,
தப்பாகப் போட்டு அடித்தது.
பிறகு மவுண்ட் அட்டையைத் தூக்கினேன்.

சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு
வெளிச்சம் தீண்டாத தாள்.
நடுவில் இருந்த வானம் தேநீர்க் கறை என்றால்
ஓரத்து வானம்
இன்று காலை குழைத்த நீலம்.

அந்த நீலத்துக்குக் கீழே
கூடையின் இன்னொரு காது.
காதைப் பிடித்த கை.
கைக்குப் பின்னால் ஓர் ஆள்,
குட்டையாக, வாயில் அணைந்த சுங்கானோடு.
ஒரு காலில் மரச்செருப்பு.
மறுகால் வெறுங்கால்.

நண்டு இருக்கும் இடம் தெரிந்தும்
கேட்காமல் நடக்கிறான் போலும்.

தொலைபேசியில் சொன்னேன்.
மறுமுனையில் வெகுநேரம்
சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது.
பிறகு, "பழைய அளவிலேயே வெட்டு."

அட்டை வெட்டும் கத்தி சாய்வாக இறங்கும்,
ரொட்டியில் வெண்ணெய்க் கத்திபோல்.
வாடிக்கையாளர் சொல்லை மீறுவது
என் வழக்கமில்லை.
அளவுகோலை நாலு மில்லிமீட்டர்
நகர்த்தியது யார் என்று
ஓக்கோ கேட்கவில்லை.

வியாழக்கிழமை வந்தாள்.
பணத்தைச் சில்லறையாகக் கொடுத்தாள்.
புதுக் கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து
"இங்கே ஏதோ அழுக்கு" என்றாள்.
"விரல்கள்" என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
மாட்டிக்கொண்டாள்.
மறுபடி கழற்றினாள்.
கூலியைக் குறைக்கச் சொல்வாள் என்றிருந்தேன்.

படத்தைப் போர்வையில் சுற்றிக் கதவுவரை போனவள்
அங்கேயே நின்றாள்.
ஓக் மரச் சட்டம், கனம்தான்,
ஆனால் அவள் தனியாகத்தானே கொண்டுவந்தாள்.
"இந்தப் பக்கம் கொஞ்சம் பிடியேன்."

பேருந்து நிறுத்தம்வரை
மழை எங்கள் இருவர் மேலும் படுத்துக்கொண்டு பெய்தது.
அவள் நடை வேகம், என் நடை சின்னது,
போர்வை இரண்டு தடவை நழுவியது.
ஓட்டுநர் எங்களைப் பார்க்கவில்லை.
வேலை நாள்.