கோட்பேயில் இருந்து வந்த எஞ்சின்

இழுத்து வந்தபோது ஒரு டயரிலும் காற்றில்லை.
சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால்
பற்றைக்குள் நின்றதாம்,
வெள்ளைக்காரன் விட்டுப் போன பெட்போர்ட்.
போனற்றைத் தூக்கினால் ஒரு பாம்புச்சட்டை.
அதற்குக் கீழே ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின்
ஒரே இரும்பாக இறுகிப்போய்.

கொழும்பிலிருந்து வந்த ஜயமான்ன
அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.
"டீசல் எஞ்சின் ஒன்று போடுவோம்.
மற்றதெல்லாம் பழையபடி இருக்க வேணும்."
பழையபடி என்றால்
எந்தப் பழையபடி என்று நான் கேட்கவில்லை.
மட்டிக்களியில் கராச் வைத்திருப்பவன்
முற்பணம் எண்ணும்போது வாய் திறப்பதில்லை.

எஞ்சின் கோட்பேயில் கிடைத்தது.
கவிழ்ந்த மீன் கூலர் லொறியின் இசுசு, நாலு சிலிண்டர்.
மண்ணெண்ணெயில் கழுவினோம்.
சவர்க்காரத் தூளில் கழுவினோம்.
சூடை வாடை போகவில்லை.

பழைய கியர்பெட்டியின் வாய்க்கும்
வந்த எஞ்சினின் முதுகுக்கும்
ஒரு துளைகூடச் சேராது.
கிறீஸ் பூசி, மட்டையில் அழுத்தி,
இரண்டின் முகத்தையும் பதித்தெடுத்துக்கொண்டு
கிண்ணியாப் பாலம் கடந்தேன்.
ராசிக்கின் லேத்தில்
பதினெட்டு மில்லிமீற்றர் தகடு
ஒன்றரை நாள் சுழன்றது.
"நடு ஒரு மயிரிழை பிசகினாலும்
கிளச் ஆயுசுக்கும் அழும்" என்றான்.

நடு பிசகவில்லை. சம்ப்தான் இடித்தது.
எண்ணெய்ப் பள்ளம் இறங்கவேண்டிய அதே இடத்தில்
முன் டிப்ரன்சியல் குந்திக்கொண்டிருந்தது.
அறுத்தோம். பள்ளத்தைப் பின்னுக்குத் தள்ளி ஒட்டினோம்.
பாத்லட் முகமூடியை உயர்த்திச் சொன்னார்:
"ஆளுக்கு வயிறு மாத்தியாச்சு."
அன்றிரவு அதில் தண்ணீர் ஊற்றி வைத்தோம்.
விடிய ஒரு சொட்டு.
திரும்ப ஒட்டினோம்.

பிறகு நாலங்குலம் குறைத்த புரொப்பெல்லர் தண்டு,
எஞ்சினை நிறுத்த ஒரு கம்பி
(டீசல் சாவிக்கு அடங்காது,
தீனியை நிறுத்தினால்தான் ஓயும்).

சசி இலக்கம் தேடிச் சுரண்டியபோது
மேலே துரு. அதற்குக் கீழே சாம்பல்,
அதற்கும் கீழே ஒரு நீலம்.
ஜயமான்ன வான் நிறையப் பச்சை கொண்டுவந்தார்,
மினுக்கமில்லாத பச்சை.
"எஞ்சின் என் வேலை, ஐயா.
நிறம் உங்கள் வேலை."
அவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியது.
ஆண்டாங்குளத்துப் பொடியன் ஒருவன்
மூன்று கோட் அடித்துவிட்டுப் போனான்.
போர் முடிந்தபோது அவனுக்கு இரண்டு வயது.

காற்று எடுத்தோம்.
நொசில் வாயில் நுரை, நுரை, பிறகு
நூல் பிடித்தாற்போல் டீசல்.
ஒரு இருமல். களப்புப் பக்கம் கொக்குகள் எழுந்தன.
பிறகு அது பிடித்துக்கொண்டது.

சாம்பல்தீவுப் பாலத்தருகே
எதிரே சைக்கிளில் வந்தவர்
எங்களைக் கண்டதும் இறங்கினார்.
புல்லோரம் ஒதுங்கினார்.
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
என் வயதுதான் இருக்கும்.
தலையை வெளியே நீட்டி
"கராச் லொறி, அண்ணை!" என்று கத்தினேன்.
அடையாள அட்டை பாதி வெளியே வந்தபடி
அவர் அப்படியே நின்றார்.
கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனார்.
நான் மூன்றாம் கியரிலேயே வெகுதூரம் ஓட்டினேன்.

அடுத்த ஒழுங்கையில் வேறு கதை.
வேலிக்குள்ளிருந்து ஒரு பெண் சட்டியோடு ஓடிவந்தாள்:
"சூடையா, பாரையா?"
சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்.
படலையைத் திறந்தாள். பச்சையைக் கண்டாள்.
சட்டி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

கம்பியை இழுத்தேன். எஞ்சின் ஓய்ந்தது.
இறங்கி, கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தபடி
மீன் இல்லை அக்கா என்றேன்.
வேறு ஒன்றும் இல்லை என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
பின் படங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எழும்பிப் போய் அதைத் தூக்கிக் காட்டினேன்:
ஒரு ஜக், ஒரு தண்ணீர்க் கான்.

அவளுடைய பூனை மட்டும்
பம்பருக்குக் கீழே நுழைந்து
ஒட்டுப்போட்ட அந்தச் சம்பை
முகர்ந்துகொண்டே இருந்தது.