நாற்பது கதிரைகள்

ஐஸ்கிறீம் கடையின் மேல்மாடியில்
நாற்பது கதிரைகள்தான்.
ஆகவே நாற்பது பேர்.
இதைவிட நேர்மையான கணக்கை
எந்தச் சாத்திரியும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நல்லூரில், பின்வீதி தாண்டி இரண்டாவது ஒழுங்கை.
புதன்கிழமை காலையில் கடை பூட்டு.
"பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது"
என்று அம்மாவை மடக்கினேன்.
முதலாளி சாவியைத் தருவாராம்,
வாடகை வேண்டாமாம்,
உடையும் கிண்ணங்களுக்கு மட்டும் கணக்காம்.

சன்னலோர மேசையில் பதிவுப் புத்தகம்.
அந்த மேசையில்தான்
பெயர்கூடச் சொல்லாத ஒருவன்
என் தண்ணீர்க் கிளாசைத் தட்டிப் பறித்து
"இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று
கடைக்காரப் பெடியனை விசாரித்தான்.
சாருஜனுக்கு அதுதான் வேலை:
கிணறு கிணறாய்ப் போய் நைத்திரேற்று அளப்பது.
எனக்கு அன்றைக்குத் தாகம்.
சண்டை அரை மணித்தியாலம் நீண்டது.

கொப்பியில் நாங்கள் வெட்டியவை:
மண்டபம்.
பறக்கும் கமரா.
இரண்டு தரம் உடுப்பு மாற்றி இரண்டு தரம் சிரிப்பது.
ஸ்காபரோவிலிருந்து பெரியத்தான் அனுப்ப நினைத்த காசும்
அந்தக் காசோடு வர இருந்த
எழுபத்திரண்டு பெயர்களும்.
பதினொரு பவுண் கொடி, ஒன்றரையாய் மெலிந்தது.
சீதனத்தை வெட்டவில்லை;
அதை எழுதவேயில்லை.
பிறகு, மேளம்.
மேளத்துக்குப் பதிலாக
துவாரகாவின் ஸ்பீக்கர்,
ஒரு கறுத்தக்கொழும்பான் அளவு,
சார்ஜ் போட்டால் ஆறு மணித்தியாலம் பாடும்.

கூட்டுறவுக் கடைக் கணக்குப் பார்க்கிற கண்ணாடியோடு
அம்மா கொப்பியை வாசித்தாள்.
மண்டபத்தைக் கடந்தாள்.
கொடியில் ஒரு பெருமூச்சு, கடந்தாள்.
பெரியத்தானில் லேசாய்ச் சிரித்ததாகவும் எனக்குப் பட்டது.
மேளத்தில் பேனை நின்றது.

"எளிமையான கலியாணம்
நான் ஏற்கெனவே செய்து முடிச்சிட்டன் பிள்ளை."

தொண்ணூற்றைந்து, கார்த்திகை.
மீசாலையில் ஒரு பள்ளிக்கூடம்.
நாள் வைத்தது ஊரில், ஊர் வெறுமையாய் இருந்தது.
எட்டாம் வகுப்பறையில் பதினாறு குடும்பங்கள்
பாய்களைச் சுருட்டி இடம் விட்டன.
கரும்பலகையில் யாரும் அழிக்காத ஒரு வகுத்தல் கணக்கு,
மீதி மூன்று.
மஞ்சள் கயிறு. கூறைக்குப் பதில்
பக்கத்துப் பாய்க்காரியின் சேலை,
பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

"பிளேன்ரீயும் குடுத்தனாங்கள்," என்றார் அப்பா
லொறியின் டயருக்குக் காற்றுப் பார்த்தபடி,
"சீனி இல்லாமல்."

"கயிறு கட்டேக்க ஒரு சத்தமும் இல்லை.
ஆரோ ஒரு குழந்தை இருமினது.
அவ்வளவுதான் என்ரை கெட்டிமேளம்."
இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை.
விலைப்பட்டியலில் பிழை பிடித்தவள் போல
பேனையை என்னிடம் நீட்டினாள்.

எங்களுக்கு எளிமை ஒரு தெரிவு.
சேலையில் நிறம் தெரிவதுபோல.
அவளுக்கு அதைத் தெரிய
கடையே திறந்திருக்கவில்லை.
இதை நான் அன்றிரவு சாருஜனுக்கு
மூன்று குரல்பதிவுகளாய் அனுப்பினேன்.
அவன் அனுப்பியது ஒரே ஒரு வரி:
மேளகாரர் நாலு பேர், கதிரைக்கு என்ன செய்வது?

நாங்கள் இருவரும் நிற்பது என்று முடிவாயிற்று.
பதிவாளர், சரியென்றால், முக்காலி.
அப்பா தான் லொறியிலேயே இருக்கலாம் என்றார்,
அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இணுவிலுக்குப் போன் எடுத்தேன்.
"எத்தினை பேர் சபை, தங்கச்சி?"
"நாற்பது."
மறுமுனையில் தவில்காரர்
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.
"எந்த மண்டபம்?"
"ஐஸ்கிறீம் கடை. மேல்மாடி."
"கண்ணாடிச் சாமான் கனக்க இருக்குமே?"
"இருக்கு."
"அப்ப யோசிக்காதேங்கோ,
மெல்லமா அடிப்பம்."

குசினிக்குள்ளிருந்து,
தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே
அம்மா:
"மெல்லமா வேண்டாம் எண்டு சொல்லு."