இரண்டாம் ஆண்டு

நேர்காணலில் கேட்டார்கள்:
"இரண்டாம் ஆண்டில் என்ன நடந்தது?"
ஒரு சாவை எதிர்பார்த்து
மூன்று முகங்களும் ஏற்கெனவே இரங்கியிருந்தன.

யாரும் சாகவில்லை.
அப்பா நல்ல சுகம், பிராம்ப்டனில் டாக்ஸி ஓட்டினார்.
எனக்குத்தான் கட்டிலைவிட்டு எழும்ப மனமில்லை.
சேதன இரசாயனம் சி மைனஸ்,
பௌதிகம் அதைவிடக் கேவலம்.
சொல்லிவிட்டு மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன்.
யாருடைய கிளாஸோ.

அது நாலாம் தடவை.

இன்று தண்டர் பே. மே மாதம்,
ஏரியில் இன்னும் பனிக்கட்டி.
இரவு வேலை முடியப் பத்து நிமிடம்.
ஆறாம் வார்டில் மிஸ்டர் கோர்ஹோனனின் நரம்பு
விரலுக்கடியில் வழுக்கி வழுக்கி ஓடுகிறது.

பையில் போன் அதிர்கிறது. தங்கச்சி.
என் மின்னஞ்சலின் கடவுச்சொல் அவளிடமும் உண்டு.
போன மூன்று வருடமும்
"சாப்பிட்டியா அக்கா" என்று ஒரு மெசேஜ்தான் வந்தது.
அழைத்ததில்லை.

"குத்தப்போறியா இல்லையா?" என்கிறார் கிழவர்.

குத்துகிறேன்.
குழாயில் கருஞ்சிவப்பு ஏறுகிறது.
லேபிளில் அவர் பெயரை, பிறந்த தேதியை
வாசிக்கிறேன், திரும்பவும் வாசிக்கிறேன்.

போன் நின்று,
மறுபடி அடிக்கத் தொடங்குகிறது.