வராத காரணம்

திரையில் ஆறு காரணங்கள் இருக்கின்றன.
காய்ச்சல். மரணம். மருத்துவர். புயல்.
பேருந்து வரவில்லை. குடும்பம்.
லித்துவேனியா என்று எழுத இடமில்லை.

செப்டம்பர், வியாழன், எட்டேகால்.
செயின்ட் ஆந்த்ரேயில் கரும்பு வெட்டும் காலம்;
ஆலையின் வாசனை ஜன்னல் ஏறி வந்து
என் காபியில் சர்க்கரை போடுகிறது.
முதல் மணி, படிப்பறை, என் பொறுப்பு.
மூன்று நாற்காலிகள் காலி.
கடைசி வரிசை, சுவரோரம்,
கால் நீட்ட வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவை.

வீடுகளுக்கு அழைக்கிறேன்.
லுதோவிக்கின் அம்மா, "காய்ச்சல் மேடம், முப்பத்தொன்பது" என்கிறாள்.
பின்னால் யாரோ பெட்டியின் ஜிப்பை இழுக்கிறார்கள்.
அன்ஃபானின் மாமா
"கிளப்பிலிருந்தா பேசுகிறீர்கள்?" என்கிறார்.
எழுந்து நின்ற குரல்.
பள்ளி என்றதும் உட்கார்ந்துவிட்டது.
டொரியனின் அப்பா மட்டும் பொய் சொல்லவில்லை.
"இன்று இரவு விமானம். பெட்டியை எடை போடுகிறோம்,
ஷூ மட்டும் நாலு கிலோ.
செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டேன்,
ஒரு மூலையில் குழம்பு பட்டிருக்கும்."

ஜூலையில் அந்த ஏஜென்ட் வந்தபோது
ஷான்போர்ன் மைதானத்துக்கு நானும் போயிருந்தேன்.
உப்புக்காற்று தின்ற வளையம், வலை கிடையாது,
பந்து உள்ளேதான் போனது என்று
ஆடுகிறவர்களே நம்பிக்கொள்ள வேண்டும்.
பையன்களைக் கை விரிக்கச் சொன்னார்.
விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை
துணிக்கடை டேப்பால் அளந்தார்.
இரண்டு மீட்டர் ஏழு. குறித்துக்கொண்டார்.
டொரியனுக்குக் கணக்கில் இருபதுக்குப் பதினேழு.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் குடும்பப் பெயர் சுக்ரமானியேன்.
கப்பல் ஏறியபோது சுப்பிரமணியன்;
இறங்கியபோது குமாஸ்தாவின் காதில் 'ப்' விழவில்லை.
புதுச்சேரிக்காரி நான்,
திருத்தித்தான் கூப்பிடுவேன்.
"அது என் பெயர் இல்லை, மேடம்" என்று
கை தூக்குவான், மின்விசிறிக்கு ஆபத்தாய்.

அப்பாவிடம் ஒன்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது:
உங்கள் பூட்டனும் இப்படித்தானே,
கைநாட்டு, கப்பல், ஐந்து வருடம்?
ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். அவசரப்படாதவர்.
"அவர் கூலிக்குப் போனார், மேடம்.
இவன் கூலி பேசிவிட்டுப் போகிறான்."

தீபாவளி வாரத்தில் லுதோவிக் திரும்பிவிட்டான்.
முழங்காலில் பூரான் மாதிரி ஒரு தையல்.
முப்பது டிகிரி வெயிலில்
கணுக்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டு,
கழற்ற மாட்டேன் என்கிறான்.
அன்ஃபான் வீடியோ அனுப்பினான்:
கதவைத் திறக்கிறான், பனி, கதவை மூடுகிறான்.
ஒப்பந்தம் என்னாயிற்று என்று கேட்டால்
கட்டைவிரல் படம்.

நேற்று டொரியன் ஆடினான்.
அங்கே மணி ஏழு, இங்கே ஒன்பது.
நான்கு நிமிடம், பதினொரு நொடி.
ஒரு ஷாட், வளையத்தின் உதட்டில் நின்று யோசித்து
வெளியே விழுந்தது.
இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் உள்ளே.
வலை இருந்தது, அசைந்தது, பார்த்தேன்.
வர்ணனையாளர் 'ரீயூனியன்' என்பதைச் சொல்லி முடிக்குமுன்
அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.
அந்த நாட்டில் பெயர்களுக்கு வால் முளைக்குமாம்.
திரையில் வந்தது: சுக்ரமானியேனாஸ்.
ஆறுமுகனே,
உனக்கு ஏழாவதும் வந்துவிட்டது போ.

பெயரை நீக்க ஒரு கடிதம் வேண்டும்.
கடிதம் இன்னும் வரவில்லை.
ஆகவே இன்று காலையும் கூப்பிட்டேன்,
என் உச்சரிப்பில்.

கோட்டுக்குள்ளிருந்து லுதோவிக்
தலை தூக்காமல் சொன்னான்:
"இரண்டு பாயின்ட், மேடம்."
வகுப்பு சிரித்தது.
நான் 'குடும்பம்' என்பதை அழுத்தினேன்.